ஒரே மாதிரியான இரண்டு கைத்துப்பாக்கிகள்

ஏவன்டேல் ஞாயிற்றுச் சந்தையில் நல்ல வெண்டிக்காய் வேண்டுமென்றால் காலை ஏழு மணிக்கு முன்னரே போய்விட வேண்டும். பிறகு மிஞ்சுவது முற்றல்தான். பிஞ்சும் முற்றலும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், அதே நீளம், அதே பச்சை. நுனியை ஒடித்துப் பார்த்தால்தான் தெரியும். பிஞ்சு முறியும், முற்றல் வளையும். நான் ஒவ்வொன்றாக ஒடித்துப் பார்த்து வாங்குகிறவன் என்பதால் கடை வைத்திருக்கும் ஃபிஜி அம்மா என்னைக் கண்டதும் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். அதற்காக நான் விட்டுவிடுவதில்லை.

பொலிஸ் ஐயா, நேற்று என் வாக்குமூலத்தை நான்கு பக்கத்தில் தட்டச்சு செய்து கொண்டுவந்தீர்கள். நான் கையெழுத்துப் போடவில்லை. உங்களுக்கு எரிச்சல் வந்ததைக் கவனித்தேன், மன்னிக்க வேண்டும். எனக்கு ஆங்கிலம் வரும். ஆனாலும் இதைத் தமிழில் சொல்லத்தான் விரும்பினேன், அதற்காக இந்தத் தங்கச்சி சோபனாவை அழைத்திருக்கிறீர்கள். நன்றி. சோபனா, நான் மெதுவாகச் சொல்கிறேன். நீங்கள் சுருக்காமல் மொழிபெயர்த்தால் போதும்.

விஷயம் சுருக்கமானதுதான். என் அக்கா ரதிதேவியின் கணவர், நிமலன் அத்தான், சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் இங்கே டெயரி என்று சொல்லும் அவருடைய சின்னப் பலசரக்குக் கடைக்குள் சுத்தியலால் அடிபட்டு இறந்தார். அடித்தவர்கள் இரண்டு பேரையும் மறுநாளே பிடித்துவிட்டீர்கள். அத்தானின் கையில் இருந்தது ஒரு கைத்துப்பாக்கி. அது வெடிக்கவில்லை. அது என்னுடையது, என் பெயரில் பதிந்தது, நான்தான் கொடுத்தேன். இவற்றில் எதையும் நான் மறுக்கவில்லை. நீங்கள் எழுதியதில் பிழை வேறு இடத்தில் இருக்கிறது.

முதலில் என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஈஸ்ட் டாமாக்கியில் கதவுக்கும் ஜன்னலுக்கும் வேண்டிய உலோகத் துண்டுகள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் பதினொரு வருடமாகத் தரம் பார்க்கிறேன். மேசையில் இரண்டு துண்டுகள் வைப்பார்கள். நீங்கள் பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள் என்பீர்கள். ஒன்று பெட்டிக்குள் போகும், மற்றது சிவப்புத் தொட்டிக்குள் போகும். அரை மில்லிமீற்றர் காரணமாக ஒருவருடைய ஜன்னல் பூட்டாமல் போகலாம், மழை உள்ளே வரலாம், குழந்தை வெளியே விழலாம். பதினொரு வருடத்தில் நான் விட்ட ஒரு துண்டுகூடத் திரும்பி வந்ததில்லை. மேலாளரிடம் கேட்டுப் பாருங்கள்.

அத்தான் வேறு மாதிரியான ஆள். அவர் கெட்ட மனிதர் என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். பதின்மூன்று வருடங்களுக்கு முன் என்னை இந்த நாட்டுக்கு எடுப்பித்தவர் அவர்தான். இரண்டு வருடம் அவர்கள் வீட்டுக் கராஜில் படுத்தேன். அவர் ஒரு சதமும் வாங்கவில்லை, ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை. கடைக்கு வரும் பிள்ளைகளுக்கெல்லாம் இனிப்பு சும்மா கொடுப்பார். அவர் சிரித்தால் தெருமுனையில் கேட்கும். ஆனால் அவருக்கு எதுவும் எதிலிருந்தும் வேறாகத் தெரியாது. கடையில் பாலைத் திகதிப்படி நான் அடுக்கி வைத்துவிட்டு வருவேன். அவர் புதுப்பாலை எடுத்து முன்னால் வைப்பார். "பால் பால்தானேடா. எல்லாம் ஒண்டுதான்" என்பார். யாராவது பக்கத்தில் இருந்தால் இன்னும் சந்தோசம். "இவர் என்ர மனிசியின்ர தம்பி. சோத்துப் பருக்கையையும் அளந்து பாத்துத்தான் வாயில வைப்பார்" என்று அறிமுகம் செய்வார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

ஒரு விஷயத்தை மட்டும் சொல்கிறேன். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, ஒரு உதாரணத்துக்காகச் சொல்கிறேன். எட்டு வருடங்களுக்கு முன் எனக்கு இரண்டு கலியாணப் பேச்சு ஒரே கிழமையில், ஏழு நாளுக்குள், வந்தது. எங்களில் மாப்பிள்ளை வாய் திறப்பதில்லை, வீட்டுக்குப் பெரியவர்தான் பேச வேண்டும். எனக்கு இங்கே பெரியவர் அத்தான். இரண்டு பெண்களும் கணக்காளர்கள், இருவரும் ஒரே ஊரைச் சேர்ந்தவர்கள், ஒரே உயரம். நான் சிவானி என்ற பெண்ணுடன் இரண்டு முறை தொலைபேசியில் கதைத்திருந்தேன். அவர் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுமுன் கொஞ்சம் யோசிப்பார். அந்த இடைவெளி எனக்குப் பிடித்திருந்தது. இதை அத்தானிடம் விவரமாகச் சொன்னேன். அவர் தலையாட்டினார். பிறகு தொலைபேசியை எடுத்து மற்ற வீட்டுக்கு ஓம் சொல்லிவிட்டார். ஏன் என்று கேட்டேன். "அவையள்தான் முதலில எடுத்தவை. ரெண்டும் நல்ல பெட்டையள்தானே, ரெண்டும் ஒண்டுதானே" என்றார். ஒரு பெண்ணோடு கதைத்துக்கொண்டே மற்ற வீட்டுக்கு ஓம் சொன்ன விஷயம் தெரியவந்து இரண்டு வீடும் விலகிக்கொண்டன. சிவானி இப்போது ஹமில்டனில் இருக்கிறார், இரண்டு பிள்ளைகள். அத்தான் அன்றைக்கு எனக்குக் கொத்துரொட்டி வாங்கித் தந்தார்.

அதற்குப் பிறகுதான் கைத்துப்பாக்கிக் கிளப்பில் சேர்ந்தேன். கோபத்தில் சேர்ந்தேன் என்று நினைக்க வேண்டாம். எனக்குச் சுடுவதில்கூடப் பெரிய விருப்பம் கிடையாது. அங்கே ஒருவர் சொன்னால் மற்றவர்கள் கேட்பார்கள், அதுதான் காரணம். நிறுத்து என்றால் எல்லோரும் நிறுத்துவார்கள். ஒரு சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான் இருக்கும். தண்டபாணியை அங்கேதான் சந்தித்தேன். கோயம்புத்தூர்க்காரர், கம்பியூட்டர் வேலை, நல்ல மனிதர். நேற்று அவரையும் கூப்பிட்டு விசாரித்ததாக அறிந்தேன். அவருக்கு ஒன்றும் தெரியாது.

என்னிடம் இரண்டு கைத்துப்பாக்கிகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக அனுமதி எடுத்தேன். இரண்டும் சிறியவை, உடுப்புக்குள் மறைத்துக் கொண்டுபோவதற்கென்று வேறு நாடுகளில் விற்கப்படுபவை. இந்த நாட்டில் அப்படிக் கொண்டுபோக முடியாது. வீட்டுப் பெட்டகத்திலிருந்து கிளப்புக்கு, கிளப்பிலிருந்து பெட்டகத்துக்கு, அவ்வளவுதான். ஆனாலும் ஒரு பொருள் எதற்காகச் செய்யப்பட்டதோ அதை வைத்துத்தான் அதைச் சோதிக்க வேண்டும். ஒரு குளிர்காலம் முழுக்க இரண்டையும் ஒப்பிட்டேன். பன்னிரண்டு அம்சங்கள், ஒன்பது பக்கங்கள்.

நீங்கள் எழுதியதில் முதல் பிழை அங்கேதான் இருக்கிறது. "ஏறக்குறைய ஒரேமாதிரியான இரண்டு" என்று எழுதியிருக்கிறீர்கள். முதலாவது நாற்பது கிராம் பாரம் குறைவு. பிடி கொஞ்சம் நீளம், அதனால் சின்ன விரலுக்கும் இடம் இருக்கிறது, ஆனால் சேர்ட்டுக்கு வெளியே அந்தப் பிடி முட்டித் தெரியும். இரண்டாவதில் சின்ன விரல் அந்தரத்தில் நிற்கும், ஆனால் கட்டையாக இருப்பதால் இடுப்போடு படிந்துவிடும், குனிந்தாலும் தெரியாது. முதலாவதின் விசை நீண்டு, மெல்ல வரும். இரண்டாவதின் விசை சுருக்கம், தெளிவு. இரண்டாவதின் குறி பார்க்கும் புள்ளிகள் மங்கல் வெளிச்சத்திலும் தெரியும். இரண்டும் பத்து ரவை கொள்ளும். கடைசி அம்சம், பன்னிரண்டாவது: இரண்டாவதில், பின்பக்கம், பெருவிரலுக்குச் சற்று மேலே, நகத்தில் பாதியளவு ஒரு தட்டு இருக்கிறது. அது மேலே நின்றால் துப்பாக்கி வெடிக்காது. பெருவிரலால் கீழே தள்ளினால் வெடிக்கும். முதலாவதில் அப்படி ஒன்றும் இல்லை. எடுத்து, நீட்டி, அமத்த வேண்டியதுதான்.

அந்த ஒன்பது பக்கத்தையும் தண்டபாணி வாசித்தார். "யோவ் யசீகரன், பொண்ணு பாக்கப் போனவன்கூட இவ்வளவு உத்துப் பாக்க மாட்டான்யா" என்றார். ஆனால் வாசித்தார். கடைசிப் பக்கத்தில் ஓர் எழுத்துப் பிழையைக்கூடச் சொன்னார். அத்தானிடம் கொடுத்தேன். அவர் அதைக் கடைக் கவுன்டரில் விரித்து, அதன்மேல் இரண்டு மீன் ரோல்ஸை வைத்துச் சாப்பிட்டார். எண்ணெய் நான்காம் பக்கம் வரை ஊறியிருந்தது.

கடையை உடைத்த கதை உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். பதினான்கு மாதத்தில் மூன்று முறை. முதல் இரண்டு முறையும் சிகரெட்டும் சில்லறையும் போயின. கடையில் புகை அடிக்கும் மெஷின் ஒன்று பூட்டியிருந்தது. அத்தான் பொத்தானை அமத்துவார், ஐந்து செக்கனில் கடை முழுக்க வெள்ளைப் புகை, அதற்குள் அவர் பின்னறைக்குப் போய்க் கதவைப் பூட்டிவிடுவார். இரண்டு முறையும் அப்படித்தான் தப்பினார். மூன்றாவது முறை அக்கா கவுன்டரில் நின்றார். பொத்தானை நோக்கி நீட்டிய கைமணிக்கட்டில் சுத்தியல் விழுந்தது.

அன்றைக்குப் பிறகு அத்தான் மாறிவிட்டார். சிரிப்பதில்லை. என்னைக் கண்டால் ஒரே கதைதான்.

"டேய் யசி, உன்ர பெட்டிக்குள்ள ரெண்டு சும்மா கிடக்குது. ஒண்டைத் தாவன்."

"அது ஏலாது அத்தான். சட்டம்."

"சட்டம் வந்து உன்ர அக்காவின்ர கையை ஒட்டுமோ?"

"பிடிபட்டால் ரெண்டு பேரும் மறியலில கம்பி எண்ண வேண்டியதுதான்."

"மறியலில சோறு தருவாங்கள்தானே. உனக்கு அளந்தே தருவாங்கள், பயப்பிடாத."

ஐந்து முறை மறுத்தேன். இதை எழுதிக்கொள்ளுங்கள். ஐந்தாவது முறை அவருடைய மகளின் பிறந்தநாள் அன்று, இருபது பேருக்கு முன்னால். "எங்கட யசிக்கு விளையாட்டுச் சாமான் ரெண்டு இருக்குது. மற்றப் பிள்ளையளுக்குத் தொடக் குடுக்க மாட்டான்" என்றார். ஒருவர் சிரித்தார், பிறகு எல்லோரும். அக்கா கட்டுப் போட்ட கையோடு கேக் வெட்டிக்கொண்டிருந்தார். அவரும் சிரித்தார். அக்கா அப்படிச் சிரிக்கக்கூடியவர் இல்லை.

அடுத்த ஞாயிறு அத்தானை என் வீட்டுக்கு வரச் சொன்னேன். சமையலறை மேசையில் துணி விரித்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ரவை போடவில்லை. தேத்தண்ணி ஊற்றினேன். ஒன்பது பக்கத்தையும் புதிதாக அச்செடுத்து வைத்து முதலாம் அம்சத்திலிருந்து சொல்லத் தொடங்கினேன். அவர் ஓம், ஓம் என்றார். நான்காவது அம்சத்தில் தொலைபேசியை எடுத்துக் கிரிக்கெட் ஸ்கோர் பார்த்தார். ஏழாவதில் பிஸ்கட் கேட்டார். கொடுத்தேன். நான் குரலை உயர்த்தவில்லை. பதினோராவதைச் சொல்லி முடித்தபோது அவர் கை நீட்டி என் தோளில் தட்டினார்.

"போதுமடா சாமி. ரெண்டும் ஒண்டுதானே. கையில எது வருதோ அதைத் தா."

நான் தாள்களை மடித்தேன். பன்னிரண்டாவதைச் சொல்லவில்லை.

நேற்று இந்த இடத்தில் நீங்கள் ஒரு கேள்வி கேட்டீர்கள். அப்போது உங்களுக்குக் கோபம் வந்ததா என்று. வரவில்லை. சந்தையில் வெண்டிக்காயின் நுனியை ஒடிக்கும்போது எனக்கு என்ன இருக்குமோ அதுதான் இருந்தது. பார்த்துவிடலாமே என்ற ஒன்று.

ஐந்து கிழமை அவரைப் பழக்கினேன். ஞாயிறும் புதனும் பின்னேரம், என் கராஜில். ரவை இல்லாமல். முதலாவது துப்பாக்கியில்தான் பழக்கினேன். சேர்ட்டைத் தூக்கு, எடு, நீட்டு, அமத்து. ஒரு நாளுக்கு நூறு முறை. அவர் நல்ல மாணவர் இல்லை, ஆனால் அக்காவின் கை அவர் மனதுக்குள் இருந்தது, அதனால் செய்தார். வியர்க்க வியர்க்கச் செய்தார். மூன்றாம் கிழமை அளவில் அவர் யோசிப்பதை நிறுத்திவிட்டார், கை தானாக ஓடியது. பழக்கம் என்பது அதுதான். எங்கள் தொழிற்சாலையிலும் புதிதாக வருபவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். கைக்கு ஒன்று பழகிவிட்டால், அதே வடிவத்தில் வேறொன்று வந்தாலும் கை பழையதைத்தான் செய்யும். ஆபத்து அங்கேதான் என்று சொல்வேன்.

விருந்தாளியாக இரண்டு முறை கிளப்புக்கும் கூட்டிப்போனேன். அங்கே உண்மையான ரவையால் சுட்டார். அன்றும் முதலாவதுதான். பரவாயில்லாமல் சுட்டார். தண்டபாணி அவருக்குக் கை கொடுத்துவிட்டு என்னிடம் தனியாகக் கேட்டார்.

"என்னங்க, உங்க அத்தான் அந்த இன்னொன்னத் தொட்டுக்கூடப் பாக்கலயே?"

"அவருக்கு அது தேவையில்லை" என்றேன்.

"அதுவும் சரிதான். சேஃப்டி இருக்கற துப்பாக்கி புதுசா வர்றவங்களுக்குக் குழப்பம்" என்றார்.

தண்டபாணி எப்போதும் சரியாகத்தான் சொல்வார்.

ஆறாவது கிழமை, சனிக்கிழமை, கடைக்குப் போய் அத்தானிடம் இரண்டாவதைக் கொடுத்தேன். பத்து ரவையும் போட்டு, தயாராக. தட்டு மேலே நின்றது. நான்தான் மேலே தள்ளினேன். உறையோடு இடுப்பில் கட்டிவிட்டு, சேர்ட்டை இழுத்துவிட்டுப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. குனியச் சொன்னேன், பால் பெட்டியைத் தூக்கச் சொன்னேன். அப்போதும் தெரியவில்லை. மறைத்துக் கொண்டுபோவதற்கு இரண்டாவதுதான் நல்லது என்று என் ஒன்பது பக்கத்தின் முடிவில் ஏற்கனவே எழுதியிருந்தேன். அதனால்தான் அதைக் கொடுத்தேன் என்று நேற்றுச் சொன்னேன். அது உண்மை. அது மட்டும்தான் உண்மை என்று நான் சொல்லவில்லை.

அத்தான் அதை உருவிப் பார்த்து, "இது அதுதானே?" என்று கேட்டார். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காமல் அக்காவைக் கூப்பிட்டார். "ரதி, இஞ்ச வந்து பார். இனி ஒருத்தரும் உன்னில கை வைக்கேலாது." அக்கா கட்டுப் போட்ட கையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். பிறகு எனக்கு இடியப்பமும் சொதியும் கட்டித் தந்தார்.

இன்னொரு விஷயம். இதை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் விட்டுவிட்டால் குறையாகிவிடும். கவுன்டரில் புகைப் பொத்தான் வலப்பக்கம், கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அத்தானுக்கு வலது கைதான் பழக்கம். நான் அவரைப் பழக்கியது வலது கையால். ஒரே நேரத்தில் ஒரு கை இரண்டு வேலை செய்யாது. துப்பாக்கி இல்லாத நிமலன் அத்தான் பொத்தானை அமத்திவிட்டுப் பின்னறைக்கு ஓடுவார், உயிரோடு இருப்பார். துப்பாக்கி உள்ள நிமலன் அத்தான் நின்று பார்ப்பார். இதைக் கராஜில், இரண்டாம் கிழமையிலேயே கவனித்தேன். கவனிப்பதுதான் என் வேலை.

செவ்வாய்க்கிழமை நாலேகாலுக்கு அந்த இரண்டு பேரும் வந்தார்கள். கெமராப் பதிவை நீங்கள் எனக்குக் காட்டினீர்கள், மூன்று முறை ஓடவிட்டீர்கள். நான் அழவில்லை என்பதைக் குறித்துவைத்தீர்கள். அத்தான் நான் பழக்கியபடியே செய்கிறார். சேர்ட்டைத் தூக்குகிறார், எடுக்கிறார், நீட்டுகிறார், அமத்துகிறார். மிகவும் சுத்தமாகச் செய்கிறார். துப்பாக்கியைக் கண்ட ஒருவன் பின்வாங்குகிறான். அத்தான் மறுபடி அமத்துகிறார். மூன்றாவது முறையும். பிறகு அவருடைய பெருவிரல் மேலே போகிறது, தட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறது, திரும்பி வருகிறது. அந்த இடத்தில் பதிவை நிறுத்தி, "இவர் என்ன செய்யப் பார்க்கிறார்?" என்று என்னிடம் கேட்டீர்கள். தெரியாது என்றேன். அதற்குப் பிறகு மற்றவன் கவுன்டருக்கு மேலால் பாய்கிறான்.

செத்தவீட்டில் அக்கா என்னைப் பிடித்துக்கொண்டு கேட்டது ஒன்றே ஒன்றுதான். "தம்பி, அது ஏன்டா வெடிக்கேல்லை? நீ பாத்துப் பாத்துத்தானே குடுத்தனீ?" ஓம் அக்கா, பார்த்துத்தான் கொடுத்தேன் என்றேன். அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. என் வீட்டைக் காப்பாற்றப்போய் மறியலுக்குப் போகிறான் என் தம்பி என்று எல்லோரிடமும் சொல்லுகிறார். ஒவ்வொரு கிழமையும் சாப்பாடு அனுப்புகிறார். உங்கள் ஆட்கள் அதை உள்ளே விடுவதில்லை, அது வேறு விஷயம்.

என் வழக்கறிஞர் ராகேஷ் கெட்டிக்காரர். சென்னைக்காரர். "சார், நீங்க மறந்துட்டீங்க. அவ்ளோதான். பதட்டத்துல சேஃப்டி பத்திச் சொல்ல மறந்துட்டீங்க. ஆயுதம் குடுத்ததுக்கு மட்டும் தண்டனை, அதுவும் அக்கா கையைப் பாத்தா ஜட்ஜ் மனசு இளகிடும்" என்றார். அதைத்தான் நீங்கள் நான்காம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். "கவனக்குறைவால் சொல்ல மறந்துவிட்டார்." இரண்டாவது பிழை அதுதான். அதை வாசித்தபோதுதான் எனக்கு உண்மையாகவே தாங்கவில்லை. ராகேஷிடம் எவ்வளவோ சொன்னேன், அவருக்கு விளங்கவில்லை. மறதியும் மறைத்ததும் முடிவில் ஒன்றுதானே, ஆள் செத்தாச்சே என்கிறார். எனக்கு மறதி கிடையாது. பதினொரு வருடத்தில் ஒரு துண்டும் திரும்பி வந்ததில்லை. நான் ஒன்றை விட்டால் அது நான் விட்டது. அதை வெட்டிவிட்டு நான் சொல்வதை எழுதுங்கள்.

அத்தான் என்னிடம் கேட்கவேயில்லை என்றுதான் நேற்று முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு முறை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று. நீங்கள் தொலைபேசிப் பதிவைக் காட்டி, "அவர் சாவதற்கு முதல் நாள், திங்கட்கிழமை மத்தியானம் பன்னிரண்டு நாற்பதுக்கு, உங்களுக்குக் கோல் எடுத்தாரே, என்ன கதைத்தீர்கள்?" என்று என்னிடம் கேட்டீர்கள். அக்காவின் கைக்கட்டு அவிழ்ப்பதைப் பற்றி என்றேன்.

அக்காவின் கையைப் பற்றி ஒரு சொல்லும் நாங்கள் கதைக்கவில்லை. நான் தொழிற்சாலையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அத்தான் வழக்கத்துக்கு மாறாக மெல்லக் கதைத்தார்.

"டேய் யசி, ஒண்டு கேக்கிறன், சிரிக்காத. நான் இதை வடிவாப் பாத்தனான். பின்னால சின்னனா ஒரு தட்டு இருக்குது. நான் பழகினதில இது இல்லை, என்ன? அப்ப இது வேற சாமான். இது என்னத்துக்கு?"

நான் சாப்பாட்டுப் பெட்டியை மூடினேன். எனக்குச் சந்தோசமாக இருந்தது, அதை மறைக்கமாட்டேன். அவர் பார்த்திருக்கிறார். இரண்டும் ஒன்றில்லை என்று தானாகவே கண்டுபிடித்திருக்கிறார். நுனியை ஒடித்துப் பார்த்திருக்கிறார். எதிரில் இருந்தவர்கள் கதைப்பது எனக்குக் கேட்கவில்லை. அவரும் மறுமுனையில் பொறுமையாகக் காத்திருந்தார்.

"அதைத் தொடாதைங்கோ, அத்தான்" என்றேன்.

"சரியடா. நீ சொன்னாச் சரி" என்றார்.

பதின்மூன்று வருடத்தில் நான் சொன்னதை அவர் மறுபேச்சில்லாமல் கேட்டது அந்த ஒரு முறைதான். இதையும் சேர்த்து எழுதினால் கையெழுத்துப் போடுகிறேன்.